நெட்டாவின் முகம், அக்காவின் காது

ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் ஆயுசு முழுக்கத் துணி வெளுத்த நெட்டாவுக்கு வாய் அதிகம், பொறுமை குறைவு. பிறவிக் குணம் அது. அவளுடைய ஐந்தாவது வயதில் சிற்பக்காரி ஒருத்தி, ஆஸ்திரேலியப் பழங்குடிகளான அவர்கள் வாழ்ந்த மிஷன் குடியிருப்புக்கு வந்து, அவள் தலையைக் களிமண்ணில் செய்யப்போவதாக முக்காலியில் உட்காரவைத்தாள். நெட்டாவாவது, உட்காருவதாவது! கொடுத்த மிட்டாயை வாயில் போட்டுக்கொண்டு ஆற்றுக்கு ஓடிவிட்டாள். வேலை பாதியில் நிற்கிறதே என்று முக்காலியில் போய் உட்கார்ந்தவள் அக்கா.

அடுத்த கோடையில், பழங்குடிப் பிள்ளைகளைப் பெற்றவர்களிடமிருந்து பிடுங்கி வளர்த்த அரசாங்கத்தின் கார் வந்து அக்காவை ஏற்றிக்கொண்டு போனது. பிறகு சாவுச் செய்திதான் வந்தது. ஒரு போட்டோகூடக் கிடையாது. செத்தவர் பெயரை அவர்கள் சனத்தில் யாரும் சொல்வதில்லை. துக்கம் ஆறியபின் வீட்டுக்குப் பெரியவர் முதலில் சொன்னால்தான் மற்றவர்கள் சொல்லலாம். அம்மா கடைசிவரை சொல்லவேயில்லை.

அந்தத் தலை சிட்னியில் ஒரு பழம்பொருள் காப்பகத்தில் இருப்பது தெரிந்ததும், காலமான அண்ணனின் மகள் ஷெரிலோடு நெட்டா ரயிலேறினாள். அக்கா உட்கார்ந்ததற்கு ஒரு அடையாளமாவது அதில் இருக்காதா என்பதுதான் அவள் ஏக்கமெல்லாம்.

தலைமேல் வெள்ளைத் துணி போர்த்தியிருந்தது.

"ஏம்மா மூடி வச்சிருக்கே?"

காப்பகத்துப் பெண் தயங்கினாள். "காலமானவங்க முகத்தைக் காட்டக் கூடாதும்பாங்க உங்க சனத்துல. குழந்தை யாருன்னு எங்களுக்குத் தெரியல..."

"அடிப்பாவி! குத்துக்கல்லாட்டம் முன்னால நிக்கிறேன், என்னைச் சாகடிச்சிட்டியே! எடு துணிய."

உப்பிய கன்னமும் முறைக்கிற கண்ணுமாக ஒரு பெண் குழந்தை.

"அத்தை, மிட்டாய் இன்னும் வாயிலயே இருக்கு பாரு!" என்று ஷெரில் சிரித்தாள்.

நெட்டாவும் சிரித்தபடி தலையைச் சுற்றி வந்தாள். இடது பக்கம் வந்ததும் நின்றுவிட்டாள். காது மடல் கீழே இரண்டாகக் கிழிந்திருந்தது.

"உன் காது நல்லாத்தானே இருக்கு, அத்தை? செஞ்சவ தப்பா செஞ்சிட்டாளா?"

"தப்பில்லடி. நாய் கடிச்ச காது. அக்காவோடது." நெட்டா அந்த மடலை விரலால் பிடித்துக்கொண்டு வாய்விட்டு அழுதாள்.

அவள் அழுது ஓயும்வரை காத்திருந்து, அந்தப் பெண் மெதுவாகக் கேட்டாள். "பேர் அட்டையில உங்க பேரைப் போட்டுடட்டுமாம்மா?"

வீட்டுக்குப் பெரியவள் இப்போது தான்தான் என்பது அப்போதுதான் நெட்டாவுக்கு உறைத்தது.

"ரெண்டு பேர் போடு. முகம் நெட்டா. காது... ஆல்மா. எங்கக்கா ஆல்மா."

ஷெரில் அந்தப் பெயரை அன்றுதான் முதன்முதலாகக் கேட்டாள்.

"நீயும் ஒரு தரம் சொல்லுடி," என்றாள் நெட்டா.