கட்டிக்கொடுத்த தங்கையும் என் மரபணுவும்

நம் பங்கின் அன்பியக் குழு உறவுகளே, என் மனைவி பிலோமினா மேல் நான் ஒரு பழி போட்டேன். அவளை அருகில் வைத்துக்கொண்டே இதை ஒப்புக்கொள்கிறேன்.

எங்கள் ஒரே மகள் ஜெசிந்தாவுக்கு மார்பில் கட்டி வந்தது. புற்றுநோய் என்றார்கள். குடும்பத்தில் வேறு யாருக்காவது உண்டா என்று டாக்டரம்மா கேட்டார். எங்கள் வீட்டில் யாருக்கும் இல்லை என்று உடனே சொன்னேன். என் தங்கை அருளாயி அதே நோயில்தான் இறந்தாள். ஆனால் நத்தம் ஊருக்குக் கட்டிக்கொடுத்த பெண் என்பதால், அவளை அந்த வீட்டு ஆளாகவே நினைத்துவிட்டேன். பெண்களுக்கு வரும் நோய் தாய்வழியில்தான் வரும் என்றும் நம்பினேன். இத்தனைக்கும் நான் அறிவியல் ஆசிரியராக இருந்தவன். வீட்டுக்கு வந்து, "எல்லாம் உங்க ஆளுக ரத்தம்" என்று பிலோமினாவிடம் சொன்னேன். அன்று அவள் சாப்பிடவே இல்லை.

மகளைக் காப்பாற்றும் என்று மாதாவிடம் அழுதேன். ஜெபிக்க உட்காரும்போதெல்லாம் தங்கை முகம்தான் முன்னால் வந்தது. கண்ணை இறுக்கி மூடினாலும் போகவில்லை. அதுதான் எனக்கு வந்த பதில் என்று மெல்லப் புரிந்தது. டாக்டரம்மாவிடம் போய் உண்மையைச் சொன்னேன். அவர் எங்கள் மூவருக்கும் ரத்தப் பரிசோதனை எழுதினார்.

செல்லில் ஏற்படும் பழுதைச் சரிசெய்து, கட்டி வளராமல் காக்கும் மரபணு ஒன்று உண்டாம். தாயிடமிருந்து ஒன்று, தகப்பனிடமிருந்து ஒன்று என இரண்டு பிரதிகள். ஒன்று பிறவியிலேயே பழுதாக இருந்து, மற்றதும் ஒரு செல்லில் கெட்டுப்போனால் அங்கே கட்டி வளரலாம். பழுது உள்ள எல்லாருக்கும் நோய் வந்துவிடாது. ஜெசிந்தாவுக்கு அந்தப் பழுது என்னிடமிருந்து வந்திருந்தது. தங்கைக்குப் பிள்ளைகள் உண்டா என்று டாக்டரம்மா கேட்டார். ஒரு மகள் இருக்கிறாள், ரோஸ்லின் என்றேன். அவளுக்கும் அந்தப் பழுது வந்திருக்கலாம், உடனே சோதிக்க வேண்டும் என்றார்.

பிலோமினாவிடம் மன்னிப்புக் கேட்டேன். "அது கெடக்கட்டும். மொதல்ல நத்தத்துக்குக் கெளம்புங்க, நானும் வாரேன்" என்றாள்.

நாங்கள் சொன்னதை ரோஸ்லின் முழுவதும் கேட்டாள். பிறகு, "எங்கம்மா உங்க வீட்டு ஆளுன்னு ஞாபகம் வர இம்புட்டு நாளாச்சா மாமா?" என்றாள். ஆனாலும் பரிசோதனைக்கு வந்தாள்.

அவளுக்கும் அதே பழுது இருந்தது. கைக்குத் தட்டுப்படாத சின்னக் கட்டி ஸ்கேனில் தெரிந்தது. தொடக்கத்திலேயே எடுத்துவிட்டார்கள். ஜெசிந்தாவும் சிகிச்சை முடிந்து வேலைக்குப் போகிறாள்.

நான் கேட்டது மகளின் உயிர். ஆண்டவர் தங்கை மகளின் உயிரையும் சேர்த்துக் கொடுத்தார். ஜெபத்தில் நீங்கள் தள்ளிவிட நினைக்கும் முகம் வந்தால், பயப்படாமல் அதைப் பாருங்கள். அவர் வழிகாட்டுவார்.

போன கிறிஸ்துமஸுக்கு ரோஸ்லின் எங்கள் வீட்டுக்கு வந்தாள். அத்தையோடும் ஜெசிந்தாவோடும் சிரித்துச் சிரித்துப் பேசினாள். என்னோடு இன்னும் அளந்துதான் பேசுகிறாள். அந்த அளவாவது பேசுகிறாளே என்று ஆண்டவருக்கு நன்றி சொல்கிறேன்.