சட்ட விரிவுரையாளர் கேட்ட ஆமாங்க

மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். ஆனாலும் கொழும்பில் சட்டம் படிப்பிக்கும் ஒரு விரிவுரையாளரை ஹாலிஎலைக்கு வரவழைத்துத் தேயிலைத் தோட்டத்துச் சனத்துக்கு முன்னால் பேசவைத்தது யார்? நான்தான். பதுளையில் படித்தவர்கள் எத்தனையோ பேர் இருந்தார்கள், ஒருவருக்கும் அந்தத் துணிச்சல் வரவில்லை. அவர் பண்டாரவளையில் பேச வந்திருக்கிறார் என்று கேள்விப்பட்டதும் என் லொறியை எடுத்துக்கொண்டு நேரே போய்க் கூப்பிட்டேன்.

எல்லாம் அக்காவுக்காக. இந்தியப் பிரஜாவுரிமை கேட்டு, அங்கேயே போய்விட அத்தான் குடும்பத்தோடு எழுதிக் கொடுத்துவிட்டார். அக்காவுக்கு இஷ்டமில்லை. ஒரே மகளை ஹல்துமுல்லையில் கட்டிக் கொடுத்திருந்தாள். மருமகன் வீட்டாருக்கு இந்த நாட்டுப் பிரஜாவுரிமை. மகளை விட்டுவிட்டு எப்படிக் கப்பல் ஏறுவது? எழுதினதை மாற்ற முடியாது என்று அத்தான் ஒரே பிடி. கடைசியில், "சட்டம் படிச்ச மனுசன் சபையில சொல்லட்டும் மாப்ள, கேட்டுக்கிறேன்" என்றார்.

பாடசாலை மண்டபம் நிறைந்துவிட்டது. விரிவுரையாளர் யாழ்ப்பாணத்துக்காரர். பிரஜாவுரிமைச் சட்டத்தை உறுப்புரை, உட்பிரிவு என்று அடுக்கிக்கொண்டே போனார். இடையிடையே, "விளங்குதோ?" என்று கேட்டார்.

"ஆமாங்க" என்றது சபை.

விடிகாலைப் பெரட்டில் வரிசையாக நிறுத்தித் தோட்டத்துத் துரை வேலை பிரித்துச் சொல்லும்போது சொல்வார்களே, அதே ஆமாங்க. காதில் விழுந்தது என்று அர்த்தம், விளங்கியது என்று அர்த்தமில்லை. அந்த மனுசனுக்கு அது எங்கே தெரியும்? முகம் மலர்ந்து அடுத்த பிரிவுக்குத் தாவினார்.

அக்காவுக்குச் சாடை காட்டினேன். எழும்பிவிட்டாள்.

"சொல்லுங்கோ அம்மா. எல்லாம் விளங்குதுதானே?"

அக்கா அத்தானைப் பார்த்தாள். "ஆமாங்க" என்றாள்.

"நல்லது, இருங்கோ."

நான் எழும்பி, "ஐயா, அவங்க கேக்க வந்தது வேற" என்றேன். "தனிப்பட்ட விஷயங்களைப் பிறகு கதைப்பம்" என்று மணிக்கூட்டைப் பார்த்தார். ஹல்துமுல்லையில் அவருக்கு இன்னொரு கூட்டம். விடுவேனா? அவர் காரிலேயே ஏறிக்கொண்டேன்.

விஷயத்தைக் கேட்டுவிட்டு, "மனுசிக்கு விருப்பமில்லை எண்டால் தன்ர பேரிலை தனி மனுப் போடலாம். வழி இருக்கு" என்றார்.

"இத அங்கயே சொல்லியிருக்கலாமே ஐயா!"

"ஒருத்தரும் கேக்கேல்லையே. இவ்வளவு விளக்கமுள்ள சபையை நான் கொழும்பிலயும் காணேல்லை."

தெமோதரையில் இறங்கி பஸ் பிடித்து அக்காவின் லயத்து வீட்டுக்குப் போனேன். அத்தான் கேட்டுவிட்டுச் சிரித்தார்.

"சபையில சொல்லலையே மாப்ள. காருக்குள்ள சொன்னாராக்கும்?"

"நான் பொய் சொல்றேனா?"

"பொய்யின்னு சொல்லல. நீ என்ன சட்டமா படிச்ச?"

பதுளை பஸாரில் என் வார்த்தைக்கு மறுவார்த்தை கிடையாது. அந்த லயத்து வாசலில் அது செல்லவில்லை. "நீயே மனுப் போடு அக்கா, நான் கூட்டிட்டுப் போறேன்" என்றேன். "அவருக்கு மாறாவா தம்பி?" என்று அடுப்படிக்குள் போய்விட்டாள்.

அவர்கள் போன அன்றைக்கு, ஹாலிஎல ஸ்டேஷனில் மகள் தாயின் முந்தானையை விடவில்லை. ரயில் காட் விசில் ஊதிய பிறகு அந்தக் கையை நான்தான் பிரித்துவிட வேண்டியிருந்தது.