திருப்பிச் சொன்னால்தான் வண்டி

தந்தி அடிப்பவனுக்கு எதிரில் ஆள் கிடையாது; அதனாலேயே அவனுக்குச் சந்தேகம் அதிகம். கண்ணுக்குத் தெரியாத ஒருவருக்கு உத்தரவு போட்டுவிட்டு, அது போய்ச் சேர்ந்ததா என்று தவித்தவர்கள் யாராயிருந்தாலும் என் ஜாதிதான். ஐம்பதுகளின் கடைசியில் விருதுநகர்ப் பக்கம் ஒரு ரயில்வே ஸ்டேஷனில் நான் தந்தி சிக்னலராக இருந்தேன்.

எங்கள் வழக்கம்

எந்த வேகனைக் கோக்க வேண்டும், எதைக் கழற்ற வேண்டும் என்ற உத்தரவெல்லாம் தந்தியில்தான் போகும். மறுமுனையில் இருப்பவர் அதை முதலிலிருந்து கடைசிவரை எனக்குத் திருப்பி அடிக்க வேண்டும். அதுவரை உத்தரவு கொடுத்ததாகவே கணக்கில்லை. பட்டாசு சீசனில் இதில் கண்டிப்பு அதிகம். வெடி ஏற்றிய வேகன் எஞ்ஜினை ஒட்டி வரக் கூடாது. நடுவே காலி வேகன்கள் வேண்டும். கரி எஞ்ஜின், ஒரு பொறி போதும்.

லோடு விசாரிக்க வந்த சிவகாசி வியாபாரி ஒருவர், நான் அடிப்பதும் அது திரும்பி வருவதுமாக இருப்பதை ஜன்னலோரம் நின்று பார்த்தார். கடைசியில் பெருமூச்சு விட்டார். “எங்க வீட்டுல நான் சொல்றத ஒருத்தரும் இப்படித் திருப்பிச் சொன்னதில்லையே!”

கையை வைத்து ஆளை அறிவது

லோடு ஏற்றுகிற ஸ்டேஷனில் சிக்னலர் தேவசகாயம். நேரில் பார்த்தது குறைவு. ஆனால் அவர் அடிக்கும் தந்தியை ஆயிரத்தில் கண்டுபிடிப்பேன். தையல் மிஷின் ஓடுவதுபோலச் சீராக இருக்கும். அந்த வருஷம் அது நொண்ட ஆரம்பித்தது. பாதி வார்த்தையில் நின்று மூச்சு வாங்கியது.

மணிக்கட்டு நோவு எங்கள் தொழிலில் உள்ளதுதான். வெளியே தெரிந்தால் தந்தி மேஜையிலிருந்து எழுப்பிவிடுவார்கள். அப்புறம் வேறு வேலை கொடுப்பதும் கொடுக்காததும் மேலிடத்தின் இஷ்டம். வண்டி இல்லாத ஒரு மத்தியானம் கம்பியிலேயே விசாரித்தேன். பதில் மெதுவாக வந்தது. “கைக்கு ஒண்ணுமில்ல அண்ணாச்சி. வேற யார்ட்டயும் கேட்டுறாதீக.”

தீபாவளி லோடு

தீபாவளிக்கு முந்தைய கூட்ஸ் வண்டி அவர் ஸ்டேஷனில் நின்றது. வெடி வேகனை எங்கே கோப்பது என்று நான் உத்தரவு அடித்தேன். “புரிந்தது” என்று மட்டும் வந்தது. திருப்பிச் சொல்லுங்கள் என்றேன். மறுபடியும் “புரிந்தது”. வண்டி புறப்பட நான் அனுமதி அடிக்கவில்லை.

“என்னய்யா, வண்டி ஏன் நிக்குது?” என்று எங்கள் ஸ்டேஷன் மாஸ்டர் பின்னால் வந்து நின்றார். “கம்பி ரிப்பேரா?”

ஆமாம் என்றால் போதும், தேவசகாயம் தப்பிவிடுவார். ஆனால் வெடியோடு போகிற அந்த வண்டியில் டிரைவரும் கார்டும் இருந்தார்கள். “இல்ல சார். அங்க அடிக்கிறவருக்குக் கை முடியல” என்று சொன்னேன்.

கொஞ்ச நேரத்தில் கருவி பேசத் தொடங்கியது. பழக்கமில்லாத இடது கை. ஒவ்வோர் எழுத்தாக, முழு உத்தரவும் திரும்பி வந்தது. ஒரு பிழை இல்லை. வேகன்களை அவர் முன்பே சரியாகத்தான் கோத்து வைத்திருந்தார் என்று பின்னால் தெரிந்தது. அப்படியானால் நான் காப்பாற்றியது எதை? உத்தரவோடு ஒட்டினாற்போல் இன்னொரு வரியும் வந்தது. “புரிஞ்சுதுன்னு சொன்னா நம்ப மாட்டீகளா அண்ணாச்சி?”

பார்சல் ஆபீசில்

டாக்டர் பரிசோதனைக்குப் பிறகு அவரை எங்கள் ஸ்டேஷன் பார்சல் ஆபீசுக்கு மாற்றினார்கள். முதல் வாரம் அந்தப் பக்கமே நான் போகவில்லை. பிறகு ஒருநாள் போனேன். மணிக்கட்டில் கட்டுப் போட்டு, இடது கையால் மூட்டைகளுக்குச் சீட்டு ஒட்டிக்கொண்டிருந்தார். தலையை நிமிர்த்தவில்லை. சாப்பாடு கொண்டுவந்திருந்த அவர் மனைவி மேரி என்னைப் பார்த்ததும் எழுந்தார்; ஆஸ்பத்திரியில் நர்சாக இருப்பவர்.

“தப்பா நெனச்சுக்காதீகம்மா” என்று ஆரம்பித்தேன்.

அவர் என்னை முடிக்க விடவில்லை. “ஊரார் கைக்கெல்லாம் கட்டுப் போடுறேன். இவுக ‘ஒண்ணுமில்ல’ன்னாக, வீட்டுக்குள்ளயே இருந்துக்கிட்டு நான் நம்பிட்டேன். அம்புட்டுத் தூரத்துல இருந்த நீங்க நம்பல பாருங்கண்ணே.”

அன்று முதல் யாரை நலம் விசாரித்தாலும், “நல்லா இருக்கேன்” என்ற பதிலை இன்னொரு தடவை சொல்லச் சொல்லிக் கேட்கிறேன்; என்னைக் கண்டால் எதிர்ச்சாரிக்கு மாறுகிறவர்கள் ஊரில் கூடிக்கொண்டே போகிறார்கள்.