குப்பாயி அக்கா இடுப்புச் சாவி

எனக்கு மூக்குமேல கோவம். எங்க வீட்டுக்காரர் ஜோசப்பக் கேட்டுப் பாருங்க, கதகதயா சொல்வாரு. அந்தக் கோவத்துல குப்பாயி அக்காவ நான் இன்னா பாடு படுத்துனேன்னு மொதல்ல ஒத்துக்கிறேன். அத்த ஒத்துக்காம அவங்களப் பத்திப் பேச எனக்கு வாயில்ல.

எழுபத்தேழாம் வருஷம். கும்மிடிப்பூண்டியில கம்பெனிங்க ஒண்ணொண்ணா வந்துக்கினு இருந்த நேரம். ஜோசப்புக்கு இரும்புக் கம்பி பாக்டரியில ஃபிட்டர் வேல. திருநெல்வேலி, வேலூரு, நெல்லூருன்னு எங்கெங்க இருந்தோ வந்த பதினாலு கிறிஸ்தவக் குடும்பம், ஞாயித்துக்கெழமன்னா எங்க ஊட்டு முன்னறையில கூடி ஜெபம் பண்ணுவோம். போதகர் சாலமோன் ஐயா சாது, அதட்டிப் பேசவே தெரியாது. ஆனா பாட்டுன்னு ஆரம்பிச்சிட்டா கஞ்சிரா அடியில கூரை ஓடு ஆடும். வாடகைக்கு உட்ட ஊட்டு ஓனரு பொறுத்துப் பொறுத்துப் பாத்துட்டு, "உங்க ஈஸ்டர் பண்டிக வரிக்கும் டயம் தரேன். அப்புறம் உங்க கூட்டம் இங்க நடக்கக் கூடாது"ன்னுட்டாரு.

ஊரெல்லாம் சுத்துனோம். கடைசியா ஸ்டேஷனுக்குப் பின்னால ஒரு கருவாட்டு கொடோன் கெடச்சுது. ஏரியோரக் குப்பங்கள்ல இருந்து வர்ற கருவாட்ட மூட்ட கட்டி கூட்ஸ் வண்டியில ஏத்துன எடம். யாவாரம் லாரிக்கு மாறுனதும் சும்மா கெடந்துச்சி. நல்ல ஒசரம், கெட்டிச் செவுரு, நூறு பேரு தாராளமா ஒக்காரலாம். மொதலாளி பூவராகவன் உடனே சரின்னாரு. "பக்கத்து ரூம்புல குப்பாயி கீது. அத்த நீங்களே பேசிக்குங்க"ன்னு நைஸா கழண்டுக்கினாரு.

குப்பாயி அந்த கொடோன் காவக்காரி. பழவேற்காட்டு ஏரிக்கரையில பொறந்தவங்க. புருஷன் படகோட போனவரு திரும்பல, புள்ள குட்டியும் இல்ல. ஒரு கூடை கருவாட்டோட கும்மிடிப்பூண்டிக்கு வந்து நின்னவங்களுக்கு மொதலாளி அந்தச் சின்ன ரூம்பயும் கொடோன் சாவியையும் குடுத்தாரு. பதினாறு வருஷமா அதான் அவங்க ஊடு. காலையில கொடோனத் தொறந்து பெருக்குவாங்க, பூட்டிட்டு சாவிய இடுப்புல சொருவிக்கினு கூடையத் தூக்கிக்கினு கம்பெனி ஆளுங்க ஊடுங்கள்ல கருவாடு விக்கப் போவாங்க. கூடையும் ராவுல அந்த ரூம்புலதான்.

கமிட்டியில நான்தான் குதிச்சேன். "சாமி கும்புட்ற எடத்துல கருவாட்டு நாத்தமா? அந்தம்மாவும் கூடையும் காலி பண்ணணும்."

சாலமோன் ஐயா மெதுவா, "அந்தம்மா எங்கம்மா போவாங்க?"ன்னாரு.

"அது நம்ம தலவலியா ஐயா?"ன்னு ஒரு போடு போட்டேன். அதோட கூட்டத்த முடிச்சிக்கினு எழுந்துட்டாங்க. என் வாய்க்கு அவ்ளோ பயம்.

நானே போயி சொன்னேன். "இந்தாம்மா, ஈஸ்டர் அன்னிக்கு இங்க கோயில் தொறக்கறோம். அதுக்குள்ள ரூம்பக் காலி பண்ணிடு."

நெத்திலியப் பொறுக்கிப் போட்டுக்கினு இருந்தவங்க அண்ணாந்து பாத்தாங்க. "அது என்னிக்கும்மா?"

"இன்னும் மூணு வாரம்."

"ஆரம்பாக்கத்துல தங்கச்சி கீது. ஒரே குடிச, அதுல ஏழு பேரு. இன்னா பண்றது... போய்ட்றேம்மா"ன்னாங்க. ஒரு சண்ட போட்டிருந்தாக்கூட எனக்கு நிம்மதியா இருந்திருக்கும். போடல.

அதுக்கப்புறம் நாங்க அடிச்ச கூத்தக் கேளுங்க. அடுத்த ஞாயிறு சபையே தெரண்டு போச்சு. கம்பெனி ஆளுங்க ஆச்சே, அழுக்குன்னா தண்ணிய அடிச்சிக் கழுவுறதுதான் பழக்கம். சோப்புத் தூளக் கரச்சி, கொடம் கொடமா ஊத்தி, தொடப்பம் தேயற வரிக்கும் தேச்சோம். தரை பளபளன்னு ஆச்சி. எல்லாரும் கைய தட்டிக்கினோம்.

மறுநாள் பத்து மணி வெயில் ஏறுச்சி பாருங்க, ஐயோ! பதினாறு வருஷத்துக் கருவாடும் ஒண்ணா உயிர்த்தெழுந்து வந்துடுச்சி. ஸ்டேஷன்ல டிக்கெட் குடுக்கறவரு மூக்கப் பொத்திக்கினு ஓடியாந்தாரு. டீக்கடைக்காரரு, "பேஜாராப் போச்சும்மா, ஒரு ஆளு நாஷ்டாவுக்கு வர்ல"ன்னு சண்டைக்கே வந்துட்டாரு. நான் வாசல்ல ஒக்காந்து அழுதுட்டேன். ஈஸ்டருக்கு இன்னும் பதிமூணே நாளு.

யாவாரம் முடிச்சிக்கினு வந்த குப்பாயி கூடைய எறக்கி வெச்சாங்க. உள்ள எட்டிப் பாத்துட்டு வயித்தப் புடிச்சிக்கினு சிரிச்சாங்க. "கருவாட்டு ஊட்ல எவனாவது தண்ணி ஊத்துவானா? தரையெல்லாம் உப்பு. ஈரம் பட்டா நாத்தம் எழுந்துக்கும், காஞ்சி கெடந்தா தூங்கும். என்ன ஒரு வார்த்த கேக்கக் கூடாதா?"

கேக்கலியே. யாரு கேட்டது?

அன்னிலருந்து அவங்கதான் மேஸ்திரி. நாலு நாளு கதவெல்லாம் தொறந்து போட்டுக் காய உட்டாங்க. அப்புறம் ஜோசப்பும் மத்தவங்களும் ஷிஃப்ட் முடிச்சி வந்து தகட்டால தரையச் சொரண்டுனாங்க. ரைஸ் மில்லுல இருந்து உமிச் சாம்பல அள்ளியாந்து, சுண்ணாம்புத் தூளு கலந்து தரையெல்லாம் பரப்பி, ஒரு நாளு உட்டுக் கூட்டி வாரணும். அது மாதிரி மூணு தபா. குப்பாயி முட்டி போட்டு, மூலையில மோந்து மோந்து பாத்து, "இங்க இன்னும் கீது, போடு"ம்பாங்க. யாவாரத்துக்குக்கூடப் போவல.

எனக்குத் தாங்கல. "உன்னத் தொரத்தறவங்களுக்கு ஏன் இப்படி மாய்ஞ்சிக்கினு செய்ற?"ன்னு கேட்டுட்டேன்.

"நான் காவலு காத்த எடம்மா. நாறுதுன்னு நாலு பேரு சொன்னா எனக்குத்தான அசிங்கம்?"ன்னுட்டு சாம்பல வாரப் போய்ட்டாங்க.

அப்பவே 'இங்கயே இரு'ன்னு சொல்லியிருக்கணும். வீம்பு உடல. கமிட்டியில அவ்ளோ கத்திட்டு எந்த மூஞ்சிய வெச்சிக்கினு எறங்கி வர்றது? வெள்ள அடிச்சி முடிச்சோம். நாத்தம் சுத்தமாப் போச்சி. சனிக்கெழம சாயங்காலம் ஹார்மோனியப் பொட்டியக் கொண்டாந்து உள்ள வெச்சோம். அன்னிக்கும் நான் ஒண்ணும் பேசல.

ஈஸ்டர் காலையில ஏழு மணிக்கு எங்க ஊட்ல இருந்து பாடிக்கினே ஊர்வலமாப் போனோம். போதகர் சாவிய வாங்கிக் கதவத் தொறக்கணும், அதான் வழக்கம். போனா கதவுல பூட்டு தொங்குது, சாவி இல்ல. குப்பாயி ரூம்பு காலி. வாசல்ல நின்னு ஒரே பாட்ட மூணு தபா பாடுனாங்க.

"வேணும்னே பூட்டிக்கினு போயிருக்கா!"ன்னு கத்திட்டு ஸ்டேஷனுக்கு ஓடுனேன். பிளாட்பாரத்துல கூடையும் ஒரு துணி மூட்டையுமா ஒக்காந்திருந்தாங்க. ஆரம்பாக்கம் போற பாசஞ்சர் லேட்டு.

"சாவி எங்க?"ன்னேன்.

அவங்க கை தானா இடுப்புக்குப் போச்சி. மூஞ்சி அப்படியே செத்துப் போச்சி. தலயில அடிச்சிக்கினாங்க. "அடிப்பாவி! உள்ள பொட்டி கீதே, தொறந்து போட்டுட்டுப் போலாமான்னு பூட்டுனேம்மா. பூட்டுன கையோட சொருவிக்கினேன் போல. பதினாறு வருஷத்துப் பழக்கம்... நல்ல நாளும் அதுவுமா உங்கள நிக்க வெச்சிட்டனே!" சாவிய எடுத்து ரெண்டு கையாலயும் நீட்டுனாங்க. "ரூம்பயும் சாம்பல் போட்டு, மீந்த சுண்ணாம்புல வெள்ள அடிச்சி வெச்சிருக்கேன். உங்க பாதிரி ஐயருக்குத் துணி மாத்த ஆவும்."

"யக்கா"ன்னேன். அதுவரிக்கும் ஒரு நாளும் அவங்கள அப்படிக் கூப்புட்டதில்ல. "நான் தப்பு பண்ணிட்டேங்க்கா. வா, ஊட்டுக்குப் போலாம்."

வண்டி தூரத்துல ஊதுச்சி. அவங்க மூட்டையில கை வெச்சாங்க. நான் கூடைய எடுத்து என் தலயில வெச்சிக்கினேன்.

"ஐயோ, இன்னாம்மா பண்ற! புதுப் பொடவ, நாறிடும்!"

"நாறட்டும், நட"ன்னேன்.

நான் முன்னால, அவங்க மூட்டையோட பின்னால. எங்களப் பாத்ததும் பாட்டு பாதியில நின்னுச்சி. குதிச்சவளே கருவாட்டுக் கூடையோட வந்து நிக்கிறா, இன்னா பேசுவாங்க? "குப்பாயி அக்கா ரூம்பு அவங்களுக்குத்தான். யாருக்காவது ஆட்சேபன இருந்தா இப்பவே சொல்லுங்க"ன்னேன். குப்பாயி அக்கா சாவிய நீட்ட, சாலமோன் ஐயா வாங்கல. கண்ணத் தொடச்சிக்கினு, "நீங்களே தொறங்கம்மா"ன்னாரு.

அவங்க தொறந்தாங்க. ஆராதன முடியற வரிக்கும் எம்மேல கருவாட்டு நாத்தம். நாத்தம் நாத்தந்தான், பொய் சொல்ல மாட்டேன். ஆனா கர்த்தருக்கு நான் அன்னிக்குச் சொன்ன மாதிரி நன்றி என்னிக்கும் சொன்னதில்ல.

இது எழுபத்தொம்பது. சாவி இன்னும் குப்பாயி அக்கா இடுப்புலதான். ஆடியில கங்கையம்மனுக்குக் கூழு ஊத்த அவங்க ஊருக்குப் போற மூணு நாளு மட்டும் எங்கிட்டக் குடுப்பாங்க. குடுக்கறப்ப, "மறந்து இடுப்புல சொருவிக்கினு எங்கனா பூடாதடி சாராளு"ன்னு என்னியே மெரட்டுவாங்க. நான் வாயே தொறக்க மாட்டேன்.