மஞ்சள் கூம்பைத் தாண்டி ஒரு சாண்

நாலு வருஷத்துக்கு முன்னால், ஒரு மே மாதம். மழைக்கு முந்தின புழுக்கம். மும்பையில் செம்பூர் பக்கம் ஒரு மைதானத்தில் வெளிநாட்டு ஆட்களும் கலந்துகொண்ட தடகளப் போட்டி நடந்தது. எனக்கு அங்கே கான்ட்ராக்டில் வேலை. தாராவியிலிருந்து போய் வருவேன். மற்ற நாளில் கூட்டுவேன், தண்ணீர் தெளிப்பேன். போட்டி நாளில் மணல் குழி என் பொறுப்பு.

அன்றைக்குச் சாயங்காலம் பெண்களுக்கான மும்முறைத் தாண்டல். ஓடி வந்து ஒரு பலகையில் கால் ஊன்றி, மூன்று எட்டில் பறந்து மணலில் விழ வேண்டும். பலகையின் விளிம்பைக் கால் தாண்டிவிட்டால் சிவப்புக் கொடி, அது செல்லாது. சரியாக இருந்தால் வெள்ளைக் கொடி, அளப்பார்கள். சிவப்பு என்றால் நான் உடனே ரேக் என்கிற பல் வைத்த வாரியால் மணலை இழுத்துச் சமப்படுத்த வேண்டும். வெள்ளை என்றால் அளந்து முடிக்கிற வரை கை வைக்கக் கூடாது. இவ்வளவுதான் வேலை.

வந்தவர்களில் ஜெர்மனி நாட்டுக்காரர் ஒருவர். நல்ல உயரம். வலது முட்டியில் நீளமாகத் தழும்பு. மற்றவர்கள் எல்லாம் சின்னப் பெண்கள், இவர் ஒருவர்தான் வயது கூடினவர். அவருக்குத் துணையாக மாட்டுங்காவிலிருந்து ஒரு காலேஜ் பெண்ணை விட்டிருந்தார்கள். தமிழ்ப் பெண். என்னிடம் வந்து பேச்சுக் கொடுத்தாள்.

"ஆன்ட்டி, இவா பதினாலு வருஷமா ஜெர்மனிக்காக ஜம்ப் பண்றா. ரெண்டு தடவை உலகப் போட்டிக்குப் போயிருக்கா. முட்டில ஆபரேஷன் ஆகி மூணு வருஷம் ஒண்ணும் முடியல. இன்னிக்கு அந்த மஞ்சள் கோனைத் தாண்டிட்டா இன்னொரு தடவை போலாம். இல்லேன்னா அவ்ளோதான், விட்டுடப் போறா."

குழியின் ஓரத்தில் ஒரு மஞ்சள் பிளாஸ்டிக் கூம்பு வைத்திருந்தார்கள். அவர் தாண்ட வேண்டிய தூரம் அது.

ஆளுக்கு ஆறு வாய்ப்பு. அவருக்கு முதல் ஐந்தில் நாலு சிவப்பு. ஒன்றே ஒன்று வெள்ளை, அதுவும் கூம்புக்கு இரண்டு அடி குறைவு.

என்னோடு வேலை பார்க்கிறவள் ஒருத்தி, தென்காசிக்காரி. ஓடுபாதையில் சிதறின மணலைக் கூட்டிக்கொண்டே சொன்னாள்.

"இவள நாலு நாளு கூட்டம் பிதுங்குற டோம்பிவிலி ரயிலுல ஏத்தி எறக்குனா, கால எங்க வைக்கணும்னு தானா தெரிஞ்சிரும்."

நானும் சிரித்தேன்.

ஆறாவது தடவை. அவர் ஓடி வந்தார். விழுந்தார். எழுந்து நேரே முன்னால் நடந்து குழியை விட்டு வெளியே போனார். நான் ரேக்கோடு குழிக்கு வந்தேன். மணலில் அவர் விழுந்த குழிவு தெரிந்தது. மஞ்சள் கூம்பைத் தாண்டி இருந்தது. அடடா, இவ்வளவு தூரம் வந்தும் வீணாகிப்போச்சே என்று நினைத்துக்கொண்டே இழுத்தேன். ஒரே இழுப்பு. மணல் சமமாகிவிட்டது.

அப்புறம்தான் கூச்சல் கேட்டது. நிமிர்ந்து பார்த்தேன். பலகைப் பக்கம் வெள்ளைக் கொடி.

கொடியை நான் பார்க்கவே இல்லை. இவருக்குச் சிவப்புதான் என்று மனசில் முடிவு கட்டிவிட்டேன்.

எங்கள் சூப்பர்வைசர் ஓடி வந்தான். தாராவியில் லேபர் கேம்ப் என்கிற பகுதியில் பிறந்து வளர்ந்தவன்.

"எக்கா, கண்ணு என்ன பிடதிலயா இருக்கு? வெள்ளக் கொடிய தூக்கிட்டு நிக்காம், நீ பாட்டுக்கு இழுத்துட்டியே! ரேக்கக் குடு. போ, ஓரமாப் போய் நில்லு."

கொடுத்துவிட்டு ஓரமாகப் போய் நின்றேன்.

அதிகாரிகள் கூடிப் பேசினார்கள். அளப்பதற்குள் குறி அழிந்துபோனால் இன்னொரு தடவை தாண்ட விடலாமாம். கொஞ்ச நேரம் ஓய்வு கொடுத்தார்கள். ஆனால் அவர் முட்டியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததைப் பார்த்தேன். இன்னொரு தாண்டலுக்கு அந்தக் காலில் தெம்பு இல்லை என்று எனக்கே தெரிந்தது.

பிறகு அவர் எழுந்து என்னைப் பார்த்து வந்தார். அடித்தால் வாங்கிக்கொள்ள வேண்டியதுதான் என்று நின்றேன். அவர் அந்தப் பெண்ணிடம் ஏதோ சொன்னார்.

"ஆன்ட்டி, மணலை நீங்கதான் ரெடி பண்ணணுமாம். வேற யாரும் வேண்டாமாம். நீங்க கொத்தி விடற மணல்ல விழுந்தா முட்டி வலிக்கலையாம்."

சூப்பர்வைசர் இங்கிலீஷில் என்னவோ சொல்லிப் பார்த்தான். அவர் தலையை ஆட்டி மறுத்தார். அவன் ரேக்கை என் கையில் திணித்தான்.

"பொழச்சுப் போ எக்கா. இந்தவாட்டி கொடியப் பாரு."

நான் குழியில் இறங்கி மண்வெட்டியால் ஆழமாகக் கொத்தினேன். தண்ணீர் தெளித்தேன். இழுத்தேன். அதுவும் போதாமல் குனிந்து கையால் தடவிப் பார்த்தேன். ஒரு சின்னக் கல் தட்டுப்பட்டது. எடுத்துவிட்டேன்.

அவர் ஓடி வந்தார். விழுந்தார். வெள்ளைக் கொடி. நான் ரேக்கைக் கீழே போட்டுவிட்டு இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டேன். அளந்தார்கள்.

நாலு விரல்கடை குறைவு.

கூட்டம் கலைந்தது. ஆட்கள் கயிற்றைச் சுருட்டினார்கள். அவர் மட்டும் குழியின் விளிம்பில் உட்கார்ந்து ஷூவை அவிழ்த்துக்கொண்டிருந்தார். என்னைக் கூப்பிட்டு ஏதோ கேட்டார். அந்தப் பெண் என் பக்கம் நெருங்கி வந்தாள். பிறகு மெதுவாகச் சொன்னாள்.

"நீங்க அழிச்சேளே, அந்த ஜம்ப்பை நீங்க ஒருத்தர்தான் கிட்டக்க பார்த்தேளாம். அது கோனைத் தாண்டித்தான்னு கேக்கறா." பிறகு குரலை இன்னும் தாழ்த்தினாள். "ஆன்ட்டி, இல்லேன்னே சொல்லிடுங்கோ. பாவம், ஊருக்குப் போய் நிம்மதியாத் தூங்கட்டும்."

எனக்கும் அப்படித்தான் தோன்றியது. இல்லை என்று சொன்னால் அவருக்கு ஆறுதல். என் தப்பும் சின்னதாகிவிடும். சம்பளத்துக்கும் பங்கம் வராது.

ஆனால் அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பார்வைக்கு முன்னால் பொய் வரவில்லை.

குழியில் இறங்கினேன். கூம்புக்கு நேராக ஒரு விரலால் கோடு போட்டேன். அதிலிருந்து அந்தப் பக்கம் என் கையை விரித்து வைத்தேன். முழுசாக ஒரு சாண்.

"இங்க விழுந்தீங்கம்மா. என் கண்ணால பாத்தேன். மன்னிச்சிருங்க."

அந்தப் பெண் சொல்லி முடிப்பதற்குள் அவருக்குப் புரிந்துவிட்டது. குழியில் இறங்கி மண்டியிட்டு, என் கைக்குப் பக்கத்தில் தன் கையை விரித்து வைத்தார். தோள் குலுங்கியது. அழுகிறார் என்று நினைத்தேன். முகத்தைத் தூக்கினபோது சிரித்துக்கொண்டும் இருந்தார்.

"ஆபரேஷனுக்கு அப்புறம் தன் காலைத் தானே நம்பலையாம் ஆன்ட்டி," என்றாள் அந்தப் பெண். "எல்லாரும் முடியாது முடியாதுன்னு சொன்னாளாம். முடிஞ்சிருக்கு. இனிமே நிறுத்திக்கலாம், வருத்தமில்லைங்கறா."

அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். இரண்டு கையிலும் மணல். என்னவோ சொன்னார். அதற்கு அந்தப் பெண் அர்த்தம் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

அதற்குப் பிறகு அவர் எந்தப் போட்டியிலும் இறங்கவில்லை என்று அந்தப் பெண் ஒரு நாள் போனில் சொன்னாள். சின்னப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கிறாராம்.

நான் இன்னும் அதே குழியில்தான் வேலை பார்க்கிறேன். யார் ஓடி வந்தாலும், முன்னால் எத்தனை தடவை தவறினவராக இருந்தாலும், நிமிர்ந்து கொடியைப் பார்த்த பிறகுதான் ரேக்கைத் தொடுகிறேன். அந்த ஒரு சாண் எந்தப் பட்டியலிலும் ஏறவில்லை. அதை அழித்தது என் கை, ஆனாலும் அதற்கு இருக்கிற ஒரே சாட்சி நான்தான், எங்கே கூப்பிட்டுக் கேட்டாலும் வந்து சொல்வேன்.