வஞ்சிரத்துக்குத் தலையாட்டிய காலை

2024 ஆகஸ்ட் 13, செவ்வாய்க்கிழமை, காலை ஆறு மணி நாற்பது நிமிடம். வானம் மூட்டமாக இருந்தது, மழை இல்லை. தெற்கிலிருந்து வீசிய காற்று என் சட்டைக் காலரைத் தூக்கித் தூக்கிக் கன்னத்தில் அடித்தது. மாமல்லபுரத்துக்குக் கொஞ்சம் வடக்கே, படகுகள் கரையேறும் மணலில் நின்றிருந்தேன். இரண்டு காதிலும் கருவி. சட்டைப் பையில், அதோடு ஒயரால் இணைத்த, தீப்பெட்டி அளவில் ஒரு பெட்டி. உப்புக் காற்றில் இதெல்லாம் துருப்பிடிக்காதா என்று வேனில் வரும்போதே நான்கு முறை கேட்டுவிட்டேன். "பிடிக்காது சார்" என்று நான்கு முறையும் பொறுமையாகச் சொன்னாள் அந்தப் பெண்.

அவள் கடற்கரைச் சாலையில் இருக்கும் ஒரு கல்லூரியில் முனைவர் பட்டத்துக்கு ஆராய்ச்சி செய்கிறவள். காதுக் கருவிக்குள் வரும் இரைச்சலிலிருந்து பேச்சை மட்டும் பிரித்துத் தெளிவாகக் கொடுக்க வேண்டும், அதுதான் ஆராய்ச்சி, அதற்குத்தான் பெட்டி. இதன் அருமை கருவி போட்டவனுக்குத்தான் தெரியும். மற்றவர்கள், கருவியை மாட்டினால் கேட்டுவிடும் என்று நினைக்கிறார்கள். கேட்கத்தான் செய்கிறது. மின்விசிறி கேட்கிறது, குக்கர் கேட்கிறது, பக்கத்து வீட்டு மோட்டார் கேட்கிறது. மனைவி சொன்னது மட்டும் அதற்குள் எங்கேயோ கிடக்கிறது.

செங்கல்பட்டில் நான் கருவி வாங்கிய கடையில்தான் அறிவிப்பு ஒட்டியிருந்தார்கள். ஆராய்ச்சிக்குக் கருவி அணிந்த பெரியவர்கள் தேவை, வேன் வரும், மதியச் சாப்பாடு உண்டு. பதினொரு பேர் சேர்ந்தோம். வேனில் என் பக்கத்து இருக்கை ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர் ஒருவருடையது. நான் ஓய்வுபெற்ற கணக்கு ஆசிரியர் என்று தெரிந்த நிமிடத்திலிருந்து அவருக்கு நான் வாத்தியார்.

சோதனை எளிமையானது. சத்தம் புகாத கண்ணாடி அறையில் உட்கார வைப்பார்கள். காதில் சந்தைக் கூச்சல் ஓடும். அதற்கு நடுவே ஒரு குரல் ஒரு வாக்கியம் சொல்லும், ஒரு பட்டியலுக்குப் பத்து வாக்கியம். அதைத் திருப்பிச் சொல்ல வேண்டும். சரியான வார்த்தை ஒவ்வொன்றுக்கும் மதிப்பெண். ஒரு நாள் அவளுடைய பெட்டியோடு, இன்னொரு நாள் பெட்டி இல்லாமல்.

"இது சரியா வந்தாத்தான் சார் நான் நவம்பர்ல தீசிஸ் குடுக்க முடியும்" என்று முதல் நாளே சொல்லியிருந்தாள். கால நீட்டிப்பு ஏற்கெனவே இரண்டு முறை வாங்கியாகிவிட்டது. மூன்றாவது கிடையாது. ஐந்து வருட உழைப்பு.

அந்தச் சொல்தான் எங்களைக் கெடுத்தது. அந்தப் பெண்ணுக்கு நல்ல மதிப்பெண் வாங்கித் தர வேண்டும் என்று வேனே ஒருமனதாக முடிவு செய்தது. சோதனை முடிந்து வருகிறவர் இன்னும் உள்ளே போகாதவரிடம் வாக்கியத்தைச் சொல்வார். முப்பத்தொரு வருடம் பத்தாம் வகுப்புக்கு முக்கியமான கணக்குகளைப் பொறுக்கிக் கொடுத்தவன் நான். வாக்கியங்களைச் சும்மா விடுவேனா? எந்தப் பட்டியலில் எது வரும், எந்த வரிசையில் வரும் என்று பிரித்து, திருப்போரூர் தாண்டுவதற்குள் எல்லாரையும் இரண்டு முறை ஒப்பிக்க வைத்துவிடுவேன்.

"மூணாவது பட்டியல்ல மாடு வர்தா, தயிர்க்காரி வர்றாளா வாத்தியாரே?" என்பார் கண்டக்டர்.

"முதலில் மாடு. தயிர்க்காரி ஏழாவது."

"அந்த மாட்டத்தான் நான் வுட்டுட்றேன்."

ஜூலைக் கடைசியில் ஒரு நாள் கண்டக்டர் உள்ளே இருந்தார். அடுத்து நான் என்பதால் கண்ணாடிக்கு வெளியே நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். அன்று அவள் கூச்சலை மட்டும் ஓடவிட்டு, குரலைத் திறக்க மறந்துவிட்டாள். வாக்கியமே வரவில்லை. கூச்சல் நின்றதும் கண்டக்டர் நிமிர்ந்து உட்கார்ந்து, "அக்கா வாங்கிய மாடு கொல்லைப் பக்கம் போயிற்று" என்றார், பஸ் நிறுத்தத்தின் பெயரைக் கூவும் குரலில். இரண்டாவது கூச்சலுக்கு இரண்டாவது வாக்கியம். மூன்றாவதற்கு மூன்றாவது. அவள் கணினியைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள், மறுபடி கணினியைப் பார்த்தாள்.

"இது எப்படி சார் உங்களுக்குத் தெரியும்?"

"வாத்தியாருதான் பிரிச்சிக் குடுத்தாரு. பத்தும் வரும்னாரு. பத்தும் வந்துகினு கீது" என்றார் கண்டக்டர் பெருமையாக.

அவள் வெளியே வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். கோபப்பட்டிருந்தால் தேவலை என்று இருந்தது. "எனக்கு மார்க் வேணாம் சார். பெட்டி இல்லாம எவ்ளோ, பெட்டியோட எவ்ளோ, அந்த வித்தியாசம்தான் வேணும். நீங்க எல்லாரும் ரெண்டுலயும் தொண்ணூறு வாங்கிக்கினு கீறீங்க."

தொண்ணூறிலிருந்து தொண்ணூறு போனால் என்ன வரும் என்பது எனக்குத் தெரியாதா? கழித்தல் சொல்லிக் கொடுத்தே வீடு கட்டியவன்.

புதிய வாக்கியங்கள் எழுதி, ஒலிப்பதிவு செய்து, எல்லாம் ஒரே அளவு கடினமா என்று சரிபார்க்கவே ஆறு மாதம் ஆகுமாம். நவம்பர் அதற்குள் வந்து போய்விடும். அன்று இரவு எனக்கு ரத்த அழுத்த மாத்திரை போட்டதா இல்லையா என்று சந்தேகம் வந்து, அட்டையில் மிச்சத்தை எண்ணிப் பார்த்தேன். போட்டிருக்கவில்லை.

ஒரு வாரம் கழித்து அவளே வழி கண்டுபிடித்தாள். யாருக்கும் முன்கூட்டித் தெரியாத பேச்சு வேண்டும், சொல்கிறவருக்கே தெரியக்கூடாது. அவளுடைய வழிகாட்டிப் பேராசிரியரும் ஒத்துக்கொண்டார். ஆகவே இந்த மீன் மணல். அலை, காற்று, டீசல் இன்ஜின், ஏலக் கூச்சல் எல்லாம் இலவசம். மீன் விற்கும் ஒரு அம்மாவிடம் சொல்லிச் சம்மதம் வாங்கி, புடவைத் தலைப்பில் மைக் ஒன்றைக் குத்தியிருந்தாள். நான் பேச்சுக் கொடுக்க வேண்டும். அந்த அம்மா சொன்னதைத் திருப்பிச் சொல்ல வேண்டும். இரண்டு சுற்று. எந்தச் சுற்றில் பெட்டி வேலை செய்கிறது என்று எனக்குச் சொல்ல மாட்டாள். போனில் அவளே மாற்றிக்கொள்வாள். இடையில் யாரும் எனக்கு உதவக் கூடாது.

"ஆடிச் செவ்வாய், நான் எதுவும் வாங்க மாட்டேன். விலை மட்டும் கேட்பேன்" என்று முன்பே சொல்லிவிட்டேன்.

முதல் சுற்று. கூடையில் சங்கரா இருந்தது. என்ன விலை என்றேன்.

"கிலோ நானூறு. இன்னா பெருசு, பாத்துகினே கீற? வாங்குனா வாங்கு, இல்லாங்காட்டி ஓரமா நில்லு, யாவாரத்த மறைக்காத."

திருப்பிச் சொன்னேன், பெருசு உட்பட. முந்நூறு என்றேன். "முந்நூறுக்குப் படம் வரைஞ்சி எடுத்துகினு போ" என்றது அந்த அம்மா. அதையும் சொன்னேன். காற்று தூரத்தில் எங்கோ அடிப்பது போல இருந்தது. குரல் எதிரிலேயே இருந்தது. மனிதர்கள் இவ்வளவு பேசுகிறார்களா என்று ஆச்சரியமாக இருந்தது.

அந்தப் பெண் போனில் எதையோ தொட்டாள். காற்று நேராகக் காதுக்குள் குடிவந்தது. மீன்கார அம்மாவின் வாய் அசைந்தது. நான் தலையாட்டினேன்.

இதை விளக்க வேண்டும். காது மந்தமான இந்த ஒன்பது வருடத்தில் நான் கற்ற ஒரே கலை தலையாட்டுவது. கல்யாண வீட்டில், வங்கியில், டாக்டரிடம், எதிரில் வாய் அசைந்து நின்றதும் என் தலை தானாக ஆடும். பெரும்பாலும் தப்பித்துக்கொள்ளலாம். மீன் மணலில் முடியாது. முதல் தலையாட்டலுக்கு அந்த அம்மா ஒரு வஞ்சிரத்தைத் தூக்கித் தராசில் போட்டது. இரண்டாவதற்குக் கத்திக்காரரைக் கூப்பிட்டது. மூன்றாவது முடிவதற்குள் மீனின் தலை தனியாக, துண்டுகள் தனியாக. அந்தப் பெண் போனைப் பிடித்த கையால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். விதிப்படி அவள் தடுக்கக் கூடாது.

பிறகு ஒலிப்பதிவைப் போட்டுக் காட்டினாள். மீன்கார அம்மா தெளிவாகத்தான் கேட்டிருந்தது: "கிலோ தொள்ளாயிரத்தம்பது, ரெண்டு கிலோ கீது, முழுசா எடுத்துக்கிறியா? வெட்டச் சொல்லட்டா? ஆடிச் செவ்வா ஆச்சே, வூட்ல அம்மா ஒண்ணும் சொல்லாதா?" மூன்றுக்கும் என் சம்மதம்.

"நான் குடுத்துடறேன் சார்" என்று பர்ஸைத் திறந்தாள். நான் விடவில்லை. முதல் சுற்றில் நான் ஒன்பது வார்த்தைகளைத்தான் தவறவிட்டிருந்தேன். இரண்டாவதில் பிடித்ததே நாலு. அவள் அதைத் தாளில் கழித்து எழுதினாள். முதல் சுற்றில்தான் பெட்டி ஓடியது என்றாள். கழித்தலை நானும் ஒருமுறை சரிபார்த்தேன்.

மீனை வீட்டுக்குக் கொண்டுபோவது நடக்காத காரியம். அடுத்த சோதனைக்காக வேனில் காத்திருந்த கண்டக்டர் கையை நீட்டினார். "எங்க தெருவுல அம்மனுக்குக் கூழு ஊத்துனாலே கருவாட்டுக் கொழம்புதான். குடு வாத்தியாரே, வஞ்சிரம்னா அம்மனுக்கு இன்னா கோவமா வரப்போவுது?"

மீதிப் பத்துப் பேருக்கும் செப்டம்பருக்குள் மணலில் சோதனை முடிந்தது. இரண்டு பேருக்குப் பெட்டியால் பெரிய பயன் இல்லை. அதையும் அப்படியே எழுதிக்கொண்டாள். மற்றவர்களுக்கு வித்தியாசம் வந்தது. நவம்பர் முடிய நான்கு நாள் இருக்கும்போது ஆய்வேட்டைக் கொடுத்துவிட்டாள். என் பெயர் அதில் ஒரு எண்ணாக, முதலாவதாக இருக்கிறதாம்.

மீன் ஆயிரத்துத் தொள்ளாயிரம். வெட்டுக்கூலி அறுபது. ஐஸும் பையும் முப்பது. வீட்டுக்குள் நுழையும் முன் கை கழுவ வாங்கிய சோப்பு நாற்பத்திரண்டு. ஆக இரண்டாயிரத்து முப்பத்திரண்டு ரூபாய்.