சேற்றோரத்துக் கீரை

"என்ன அக்கா, இண்டைக்கும் சேறு மிதிக்கப் போறியளோ?"

முருகன் கோவிலில் ரஞ்சினி இப்படிக் கேட்கும்போதெல்லாம் பெண்கள் கொல்லென்று சிரிப்பார்கள். நேசமலரும் சேர்ந்து சிரிப்பாள். உள்ளே சுருக்கென்று தைக்கும்.

புலம்பெயர்ந்து வந்த ஐரோப்பிய நகரத்தின் நொய்கெல்ன் பகுதியில், கந்தோர்களில் மேசையும் தரையும் துப்புரவாக்குவது அவள் வேலை. ஓய்வுநாள் வந்தால் சப்பாத்தை மாட்டிக்கொண்டு, நகரத்துக்குத் தென்கிழக்கே இருக்கும் சதுப்புநிலக் காப்பகத்துக்கு ஓடிவிடுவாள். அங்கே காவலர் பீலிக்ஸுக்குச் சம்பளமில்லாத உதவியாள். ஐம்பதைத் தாண்டிப் பிடித்த விசர் என்று பிள்ளைகள் தலையில் அடித்துக்கொண்டார்கள். பிடித்தால் பிடித்ததுதானே!

இந்த வசந்தத்தில் அங்கே ஒரு சோடிப் பெரிய சாம்பல் கொக்கு கூடு கட்டியிருந்தது. பீலிக்ஸ் அதை அவளுக்கு மட்டும் காட்டினார். ஆள் அரவம் கேட்டால் முட்டைகளை விட்டுவிட்டுப் போய்விடும், யாருக்கும் சொல்லாதீர்கள் என்றார். கொக்கைப் பற்றி அவள் மூச்சு விடவில்லை. உளறியது வேறொன்றை.

கூட்டுக்குப் போகும் வழியில், சேற்றோரம் வட்ட வட்ட இலையோடு ஒரு செடி படர்ந்திருந்தது. பார்த்தால் அச்சு அசல் வல்லாரை. ஆனால் வல்லாரை இல்லை, இந்த மண்ணுக்கே உரிய வேறு செடி, ஆயக்கூடாது என்றும் பீலிக்ஸ் சொல்லியிருந்தார். ஒரு வெள்ளிக்கிழமை, தமிழ்க் கடையில் வருகிற வல்லாரை வாடிக் கிடக்கிறதென்று பெண்கள் அலுத்துக்கொண்டபோது அவளுக்கு வாய் நிற்கவில்லை.

"எங்கட காட்டில வந்து பாருங்கோ. பாய் விரிச்ச மாதிரிக் கிடக்கு."

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். முதல் தடவையாக ஒருத்தரும் சிரிக்கவில்லை. அவளுக்கு எவ்வளவு இனித்தது!

ஞாயிறு காலை ரஞ்சினி தொலைபேசியில் கூப்பிட்டாள். "அக்கா, ரெண்டு காரில வந்து நிக்கிறம். எந்தப் பக்கம்?"

மெய்யாகவே வருவார்களென்று நேசமலர் நினைக்கவில்லை. அது வல்லாரையே இல்லை, திரும்பிப் போங்கோ என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் பழையபடி சிரிப்பார்களே.

"மரப்பாலம் தாண்டி இடப்பக்கம். ஓரத்தில மட்டும் ஆயுங்கோ. உள்ளுக்கு இறங்கவேண்டாம், என்ன?"

"ஓம், ஓம்."

கீரையைக் கண்ட நம் சனம் ஓரத்தில் நிற்குமா? அது அவளுக்குத் தெரியாதா? பின்னேரம் ரஞ்சினி ஒரு பை நிறையக் கொண்டுவந்து கொடுத்தாள். "மணம்தான் இல்லை அக்கா. உள்ளுக்குப் போகப் போக நல்ல இளசு," என்றாள். நேசமலர் அதை அப்படியே குப்பையில் போட்டாள்.

மறுநாள் வேலை முடிந்ததும் ஓடினாள். செடி கிடந்த இடம் உழுத வயலாகியிருந்தது. கூட்டில் உடைந்த முட்டைக் கோதுகள்தான் மிச்சம், காகங்கள் தின்றுவிட்டிருந்தன. தூரத்துப் புல்வெளியில் இரண்டு கொக்குகளும் சும்மா நின்றன. முள்மரத்தில் தமிழ்க் கடைப் பை ஒன்று மாட்டியிருந்தது. கூட்டடியில் குந்தியிருந்த பீலிக்ஸ் நிமிர்வதற்குள் அதைச் சுருட்டிச் சட்டைப்பைக்குள் திணித்தாள்.

"பறவைகளைப் படம் பிடிக்கிற கூட்டம்தான்," என்றார் பீலிக்ஸ். "எப்படியோ மோப்பம் பிடித்துவிட்டார்கள்."

அவளுக்குக் கண்ணீர் பொலபொலவென்று கொட்டியது. பீலிக்ஸ் எழுந்துவந்து அவள் தோளில் கை வைத்தார்.

"அழாதீர்கள். நீங்கள் காத்ததுபோல் இதை யாரும் காத்திருக்க முடியாது."

சொல்லிவிடு, சொல்லிவிடு என்று மனம் அடித்துக்கொண்டது. நேசமலர் மூக்கைத் துடைத்துக்கொண்டு தலையாட்டினாள்.

"நன்றி," என்றாள்.